மீனில்லாத தொட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது நாளுக்கு மேல் ஒரு மீன் தொட்டி மீனே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரியும், மோட்டார் முனகும், தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே கூழாங்கல்லைத் தவிர ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து, கல்லுக்குப் பின்னால் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடிவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். "பாக்டீரியா வளர்க்கிறார்" என்று நான் சொல்வேன். சொல்லும்போது என் வாய் ஒரு பக்கமாகக் கோணும். அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

நான் அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பாக்டீரியா எனக்கு அந்நியம் அல்ல. ஊராரின் சளியிலும் சீழிலும் சிறுநீரிலும் அதைத் தேடிப் பிடித்து, இன்னது என்று பேர் எழுதி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஸ்பிரிட்டில் கை துடைக்கிறவள் நான். அப்படிப்பட்டவளின் வீட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்து பாக்டீரியாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

அந்த மனிதர் என் கணவர். பதினாறு வருடம் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மேசையில் இருந்த மணி பிளான்ட் செடியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். என்ன தாராள மனசு!

முதல் இரண்டு வாரம் காலை எட்டரைக்கு வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியக் கூடாதாம். அம்பத்தூர் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, பாதிப் பேர் தூங்குகிற மத்தியான நேரமாகப் பார்த்துத் திரும்பி வருவார். பிறகு அதுவும் நின்றது. சவரம் செய்வது நின்றது. போன் அடித்தால் எடுப்பது நின்றது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளிடம்கூட நாங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடப்பார். கூப்பிட்டால் "ம்" என்பார். எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். பிறவிக் குணம்.

மீன் தொட்டி எங்கள் யோசனை அல்ல. திருநின்றவூரில் இருக்கிற என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, ஒரு வாஸ்துக்காரரிடம் எங்கள் வீட்டுப் படத்தைக் காட்டியிருக்கிறார். வடக்கில் தண்ணீர் இல்லை, அதனால்தான் வேலை போனது என்று அந்த ஆள் கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் இருப்பது அயனம்பாக்கத்தில், நாலாவது மாடியில். வடக்கு ஜன்னலைத் திறந்தால் ஏரி. ஊருக்கே தெரிகிற அவ்வளவு பெரிய ஏரி வாஸ்துவின் கண்ணுக்குத் தெரியவில்லை, இரண்டடித் தொட்டி தெரியுமாம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் தொட்டியையும், ஃபில்டரையும், ஒன்பது மீன்களையும் கொண்டு வந்து இறக்கினார். எட்டு தங்க நிறம், ஒன்று கறுப்பு. அதுதான் கணக்காம். நல்ல நேரம் முடிவதற்குள் லாரித் தண்ணீரை நிரப்பி, மீனை விட்டு, சூடம் காட்டி முடித்தார்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. பத்தாம் நாள் கறுப்பும் போய்விட்டது. ஒவ்வொன்றையும் டீ வடிகட்டியால் எடுத்து, காகிதத்தில் சுற்றி, கீழே கொண்டுபோய்ச் செடி ஓரமாகப் புதைத்துவிட்டு வந்தார் என் கணவர். புதைத்த நாளெல்லாம் அவர் சாப்பிடவில்லை.

நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னேன். அழுவார் என்று நினைத்தால், பூரித்துப் போனார்.

"ஒன்பதும் போயிருச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு! உங்க மேல இருந்த திருஷ்டி எல்லாத்தையும் அது வாங்கிக்கிச்சு. மறுபடி ஒன்பது வாங்கி விடு."

இந்த ஊரில் மீன் வளர்க்கிற வீட்டில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். மீன் இருந்தால் அதிர்ஷ்டம், செத்தால் அதைவிட அதிர்ஷ்டம். தண்ணீரில் என்ன கோளாறு என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை. கண்ணேறு வாங்குவதற்கென்றே பிறந்த ஜீவனுக்கு நல்ல தண்ணீர் எதற்கு? மறுபடி ஒன்பது வந்தது. இந்தத் தடவை எட்டு நாள்.

அன்றைக்கு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "பாத்தியா, எவ்வளவு கண்ணு!" என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வேலை போய் வீட்டுல படுத்திருக்கிற ஆள் மேல எவன் அண்ணி கண்ணு வைப்பான்?" என்றேன்.

கூடத்தில் என் கணவர் இருக்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன். கையில் வடிகட்டியோடு நின்றிருந்தார். அதைத் தொட்டி மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். நாத்தனார் என்னை முறைத்தார். நான் பாத்திரம் கழுவப் போனேன். நிறையவே கழுவினேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் மனிதர் எழுந்து உட்கார்ந்து போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் படித்தார். பிறகு தொட்டியைப் பற்றி என்னிடம் பேசினார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் தொடர்ச்சியாகப் பத்து வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான். மீன் கழிக்கிற கழிவிலிருந்து அமோனியா வருகிறது. புதுத் தொட்டியில் அதைத் தின்ன ஒன்றும் இல்லை, அதனால் மீன் தன் கழிவிலேயே வெந்து சாகிறது. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை வந்து அந்த நைட்ரைட்டைத் தின்று, அவ்வளவாகக் கெடுதல் இல்லாத ஒன்றாக மாற்றும். இந்த இரண்டு கூட்டமும் குடியேற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரைக்கும் மீன் விடக் கூடாது. தினமும் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுக விட வேண்டும்.

"அழுக விடணுமா?" என்றேன்.

"ஆமா."

"கூடத்துல?"

"ஆமா" என்றார்.

தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து வாங்க அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற மீன் கடைக்குப் போனோம். பதினெட்டு மீனும் அங்கிருந்து வந்தவைதான். லுங்கியை மடித்துக் கட்டிய கடைக்காரர், என் கணவர் சொன்னதை எல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அண்ணாத்த சொல்றது கரீக்டுதாங்கா" என்றார் என்னைப் பார்த்து. "ஆனா ஒரு மாசம் வெறுந்தண்ணிய யாருக்கா பாத்துகினு கீறாங்க? எல்லாருக்கும் இன்னிக்கே மீனு ஓடணும்."

"அப்ப தெரிஞ்சேதான் வித்தீங்களா?"

"கேட்டா சொல்லிருப்பேன். அந்த அம்மா நல்ல நேரம் போவுது, சீக்கிரம் புட்ச்சி குடுன்னுதானே சொல்லிச்சு. நான் இன்னா பண்ணட்டும்?"

நான் பதில் சொல்ல முடியாதபடி பேசுகிற ஆளிடம் எனக்கு எப்போதும் கோபம் வரும். அந்தக் கடையிலிருந்த பாசி படிந்த பழைய தொட்டிகளையும், அவர் பனியனையும், ஈரத் தரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் சோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் ஐந்து மில்லி, அதில் எட்டுச் சொட்டு, குலுக்கி வைத்துக் காத்திருந்து, வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். அமோனியா என்றால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள். நைட்ரைட் என்றால் வயலட், இல்லையென்றால் வெளிர் நீலம். ஒரு நாளைக்கு இருநூறு குழாய் பார்க்கிற எனக்கு அந்த இரண்டு குழாயைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "டாக்டர், ரிப்போர்ட் எப்ப வரும்?" என்று கேட்பேன். "பேஷன்ட் சாப்பிட்டாச்சா?" என்பேன். மகள் வீடியோ காலில் வந்தால் காமிராவைத் தொட்டிப் பக்கம் திருப்பி, "உன் தம்பிங்க, எத்தனை கோடின்னு எண்ணிக்கோ" என்பேன். அவர் சிரிக்கிற மாதிரி எதையோ செய்வார். அதைச் சிரிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

குடியிருப்போர் சங்கம் மட்டும் சும்மா இருக்குமா? தேங்கிய தண்ணீர், டெங்கு என்று வாட்ஸப் குழுவில் யாரோ கிளப்பிவிட்டார்கள். செயலாளர் நேரில் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரி முழுக்கக் கொசு. இவர் மோட்டார் ஓடுகிற இரண்டடித் தொட்டியில் புழு தேடினார். என் கணவர் பொறுமையாக அமோனியாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினார். "சார், இன்னிக்கு ஆபீஸ் லீவா?" என்று கேட்டார் செயலாளர். "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன், வாய் திறந்து சொல்லவில்லை. பத்து மணிச் சோதனைக்கு முன்னால் அவர் குளித்துவிட ஆரம்பித்தார். பிறகு சவரம். பிறகு சோதனை முடிந்த கையோடு மகளின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வேலைக்கு எழுதிப் போட ஆரம்பித்தார். இதைப் பார்த்து எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். கேலி வந்த வாயில் அது வரவில்லை.

முப்பதாவது நாள் வாக்கில் பச்சை போய் மஞ்சள் ஆனது. முப்பத்தேழாம் நாள் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வயலட் குறையுது பாரு" என்றார். நிஜமாகவே குறைந்திருந்தது. இன்னும் மூன்று நாளில் சுத்தமாகப் போய்விடும், விஜயதசமியன்று மீன் விடலாம் என்றார். சிறுசேரியில் ஒரு நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது, ஆயுத பூஜைக்கு முந்தின நாள். இரண்டும் சேர்ந்து வந்ததில் அவர் குரலே மாறியிருந்தது.

நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா அங்கே ஃபிட்டர். ஆயுத பூஜை என்றால் எங்களுக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம் அதற்குப் பிறகுதான். முந்தின நாள் முழுக்கக் கழுவல். சைக்கிள், ஸ்பானர், அரிவாள்மனை, தையல் மிஷின், கொசு மருந்து அடிக்கிற பம்ப் வரைக்கும். தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, சந்தனம் குங்குமம். அழுக்குப் பொருளுக்கு எங்கள் வீட்டில் பொட்டு கிடையாது. இன்றைக்கும் என் பரிசோதனை நிலையத்தில் அந்த நாளன்று மைக்ராஸ்கோப் முதல் குப்பைக்கூடை வரை நான் துடைத்துத்தான் பொட்டு வைப்பேன். மற்றவர்கள் துடைத்தால் எனக்குத் திருப்தி வராது.

அவர் நேர்முகத்துக்குக் கிளம்பிப் போனதும் நான் அரை நாள் விடுப்பு போட்டு வீட்டில் கழுவ ஆரம்பித்தேன். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, என் வண்டி. பூஜைக்கு வைக்கிற பலகையில் எல்லாவற்றையும் வரிசையாக மனதில் அடுக்கிப் பார்த்தபோது ஓர் இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் அங்கே அவருடைய ஆபீஸ் லேப்டாப் இருக்கும், மூடியின் மேல் ஒரு பொட்டோடு. இந்த வருடம் அவருக்கென்று வைக்க என்ன இருக்கிறது? செடியையா வைப்பது?

அப்போதுதான் ஃபில்டர் கண்ணில் பட்டது.

நான் முட்டாள் இல்லை, யோசித்துத்தான் செய்தேன். பாக்டீரியா தண்ணீரில் இருக்கிறது, ஆகவே தண்ணீரில் கை வைக்கக் கூடாது. ஒரு சொட்டுக்கூட மாற்றவில்லை. ஃபில்டரை மட்டும் கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் கரேலென்று, வழவழவென்று, பார்க்கச் சகிக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து அதில் முக்கினேன். பிழிந்தேன். மறுபடி முக்கினேன். உள்ளே இருந்த பீங்கான் வளையங்களையும் வெந்நீரில் போட்டு எடுத்து பால்கனி வெயிலில் உலர்த்தினேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் புதுசு மாதிரி வெளுத்துவிட்டது. திரும்பப் பூட்டி, மோட்டார் தலையில் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். தொட்டியைத் தூக்கிப் பலகையில் வைக்க முடியாது என்பதால் பலகையைத் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். எனக்கு என் மேலேயே பிரியமாக இருந்தது.

அவர் ஆறரைக்கு வந்தார். நேராகத் தொட்டிக்குத்தான் போனார். பொட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கழுவினியா?"

"பின்ன? எவ்வளவு அழுக்கு தெரியுமா? பளபளன்னு ஆக்கியிருக்கேன்."

"ம்" என்றார். கை கால் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

நேர்முகம் சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பூஜைக்கு வந்து நின்றார், விபூதி பூசிக்கொண்டார். விஜயதசமியன்று, "மீன் வாங்கப் போகலையா?" என்றேன். "வேண்டாம்" என்றார். பத்து மணிச் சோதனை நின்றது. சவரம் நின்றது. சிறுசேரிக்காரர்கள் போன் செய்து அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டபோது போன் கட்டிலிலேயே அடித்து ஓய்ந்தது. நான்தான் ஓடிப் போய் எடுத்து, உடம்பு சரியில்லை என்று சொல்லி நாள் மாற்றி வாங்கினேன். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு. எனக்குப் புரியவில்லை. பயம் மட்டும் பழையபடி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. பத்து மணிக்கு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், அந்தச் சொட்டு மருந்தை நானே எடுத்தேன். ஐந்து மில்லி, எட்டுச் சொட்டு. கை தானாகச் செய்தது. குழாயில் பச்சை ஏறியது. கரும்பச்சை. நோட்டைத் திறந்து பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில், நேர்முகத்துக்குப் போகிற அவசரத்திலும், 'மஞ்சள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

மூத்திரக் குழாய் போட்ட நோயாளிகளின் குழாயை எத்தனை தடவை வெட்டிப் பார்த்திருக்கிறேன்! பாக்டீரியா தண்ணீரிலா மிதந்துகொண்டிருக்கும்? குழாயின் உள்சுவரில் வழவழவென்று படலமாக ஒட்டிக்கொண்டு, அங்கேதான் குடும்பம் நடத்தும். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அந்த வழவழப்பைத்தான் வெந்நீர் வைத்து வெளுத்திருக்கிறேன். பதினெட்டு வருட அனுபவம் எனக்கு! வாஸ்துக்காரரைச் சொன்னேன், நாத்தனாரைச் சொன்னேன், டார்ச் அடித்தவரைச் சொன்னேன். அவர்கள் யாரும் முப்பத்தெட்டு நாள் உழைப்பை ஒரு மத்தியானத்தில் வேக வைக்கவில்லை.

மீன் கடைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"வெந்நீலயாக்கா? கொதிக்கிற வெந்நீலயா? மெய்யாலுமே சொல்றேன், படிச்சவங்க ஊட்லதான் மீனு நிக்கறதே இல்ல. அம்மாஞ் சுத்தம்!"

அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியதுதான். நின்று வாங்கிக்கொண்டேன்.

சிரித்து முடித்துவிட்டு, மூலையிலிருந்த ஒரு பழைய தொட்டியில் முழங்கை வரை கை விட்டு, ஒரு ஸ்பாஞ்சை எடுத்தார். வருடக் கணக்கில் ஓடுகிற தொட்டியாம். சேற்றுக் கட்டி மாதிரி இருந்தது. அந்தத் தண்ணீரிலேயே பாலிதீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டார். "காயாம எட்த்துகினு போக்கா. போன ஒடனே உங்க தொட்டில பிழிஞ்சி உடு. பத்து நாள்ல எல்லாம் வந்துடும்" என்றார். அந்தக் கவரை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முடிச்சில் கசிந்த பழுப்புத் தண்ணீர் என் சுடிதாரில் இறங்கியது. ஸ்பிரிட் பாட்டில் பையில்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

அவர் படுத்திருந்தார். கவரை மடியில் வைத்தபடியே கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன்.

"ஃபில்டரைக் கழுவினதுல எல்லாம் செத்துப்போச்சு. நான்தான் கொன்னுட்டேன். எனக்குத் தெரியாம போச்சுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "வந்தவுடனேயே பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லலை? ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமே?"



"பொட்டு வேற வெச்சிருந்தியா" என்றார். "கேலிக்குத்தான் வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

அவர் அப்படி நினைத்ததில் என்ன தப்பு? நாலு மாதமாக நான் வேறு எதற்காக எதைச் செய்தேன்?

"லேப்டாப் இல்லைங்க இந்த வருஷம்" என்றேன் கடைசியில். "உங்க சாமான்னு வைக்க வீட்டுல அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் கோணுகிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு எழுந்து உட்கார்ந்து, கவருக்காகக் கையை நீட்டினார்.